மதுரையைச் சுற்றிக் கல் பொறுக்கி மெருகேற்ற

கல்லையும் தேய்ப்புப் பவுடரையும் பீப்பாயில் போட்டு உருட்டி மெருகேற்றும் எந்திரம்தான் ராக் டம்ப்ளர். அதை ஒரு மாதம் ஓட்டியும் கல் மங்கலாகவே வந்தால் எல்லாரும் முதலில் பவுடரைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு பவுடரில் இருக்காது, பொறுக்கி வந்த கல்லில் இருக்கும். விரிசல் ஓடிய கல்லையும் காக்காப்பொன் (மைக்கா) மின்னும் கல்லையும் எந்த எந்திரமும் கண்ணாடி மாதிரி ஆக்கித் தராது. அதனால் இங்கே எந்திரத்துக்குப் போவதற்கு முன்னால் ஆற்றில் கொஞ்சம் நேரம் நிற்கப் போகிறோம்.

முதலில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. அகேட், கார்னீலியன் போன்ற வண்ணக் கற்களை வைகையில் தேடினால் ஏமாற்றம்தான். இந்த வட்டாரத்தின் அடியில் கிடப்பது பூமியின் ஆழத்தில் பெருஞ்சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பழம்பாறை: வரிவரியான நைஸ், சார்னோகைட், குவார்ட்சைட். இடையிடையே கிரானைட்டும் உண்டு. அவற்றுக்குள் நரம்பு மாதிரி ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸ் உடைந்து உருண்டு வருவதுதான் நாம் வெங்கச்சங்கல் என்று சொல்வது. மெருகேற்ற இதைவிட நம்பகமான கல் இங்கே கிடையாது. பால் வெள்ளை, தேன் நிறம், இரும்புக்கறை ஏறிய இளஞ்சிவப்பு என்று பல நிறத்தில் வரும். அடுத்த இடம் சார்னோகைட்டுக்கு. புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியதுபோலப் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். வெயில் மழையில் கிடந்தால் மேலே பழுப்புத் தோல் கட்டிவிடும், அதனால்தான் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரத்திலிருந்து போன கல் இது. 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறையை வைத்தே பாறைக்குப் பெயர் சூட்டினார். நம் தமிழ்நாட்டுக் கல் உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் அறியப்படுகிறது.

எங்கே போவது

மதுரை நகருக்குள் வைகையில் இறங்க வேண்டாம். சாக்கடை கலக்கிறது, பாட்டில் சில்லு கிடக்கிறது, கிடைப்பதும் பெரும்பாலும் மணல்தான். ஆறு கல்லைக் கனத்தின்படி பிரித்துப் போட்டுக்கொண்டே வரும். கனமானது மேலே மலைப் பக்கம் தங்கும், மணலும் வண்டலும் கீழே வரும். போதாததற்கு 1959-ல் கட்டிய வைகை அணையில், மலையிலிருந்து உருண்டு வரும் கல் எல்லாம் நின்றுவிடுகிறது. ஆகவே அணைக்கு மேலே போக வேண்டும். தேனி சாலையில் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி தாண்டி க.விலக்கில் திரும்பினால் கண்டமனூர், கடமலைக்குண்டு பக்கம் மூல வைகை வரும். ஆறு வற்றிக் கிடக்கும்போது கூழாங்கல் படுகை நன்றாகத் தெரியும். ஒரு நாள் பயணத்துக்குச் சரியான தூரம். ஊர்களை ஒட்டிய படுகையோடு நின்றுகொள்ளுங்கள். வருசநாட்டுக்கு மேலே காட்டுக்குள் போகக் கூடாது, அது புலிகள் காப்பகம்.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கிணறு வெட்டிய மேடு. மேலூர், நத்தம், பாலமேடு பக்கத் தோட்டங்களில் கிணற்றிலிருந்து எடுத்துக் கொட்டிய பாறைக் குவியல் வருடக்கணக்காகக் கிடக்கும். ஆழத்திலிருந்து வந்த கல் என்பதால் வெயில் தின்னாமல் கெட்டியாக இருக்கும். தோட்டக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும், “அதுக்கென்ன, அள்ளிட்டுப் போங்க” என்பார்கள். கேட்காமல் வேலி தாண்டக் கூடாது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்காது என்பதால் பிள்ளைகளைக் குவியலின் வெளிப்பக்கத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

இன்னொன்று, கிரானைட் அறுக்கும் கடைகளின் கழிவு. மதுரை மாவட்டத்தில் வெட்டி ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் விற்ற வெள்ளைக் கல்லில் சின்னச் சின்னதாக அரக்குப் புள்ளி தெரியும். அது கார்னெட். அந்தத் துண்டை உருட்டி எடுத்தால் வெள்ளையில் மாதுளை முத்து பதித்தது மாதிரி வரும். ஒரு பக்கம் ஏற்கெனவே பாலிஷ் ஏறிய துண்டாக இருந்தாலும் கவலையில்லை, முதல் கட்டத்திலேயே போய்விடும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

திருப்பரங்குன்றம், யானைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற குன்றுகளில் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு சில்லுகூடப் பெயர்க்கக் கூடாது. அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பார்த்துவிட்டு வாருங்கள், எடுத்துவிட்டு வராதீர்கள். அழகர் மலை, சிறுமலை, கும்பக்கரை, சுருளி எல்லாம் வனத்துறை இடங்கள், அங்கேயும் அதே கட்டுப்பாடுதான்.

கீழடி, கொந்தகை, அகரம், மணலூர் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். அங்கே துளையிட்ட கல், வழவழப்பாகத் தேய்த்த கல், கறுப்பு சிவப்பு ஓட்டுச் சில்லு எதைப் பார்த்தாலும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறையிடம் சொல்லுங்கள். அகழாய்வில் கிடைத்த கார்னீலியன், அகேட் மணிகள் மண்ணில் எந்த அடுக்கில் கிடந்தன என்பதில்தான் அவற்றின் வரலாறே இருக்கிறது. கையில் எடுத்துவிட்டால் அது போய்விட்டது. ராமேஸ்வரம் போகிறவர்கள் பவளப்பாறைத் துண்டை எடுக்க வேண்டாம். சட்டப்படி குற்றம், தவிர அது மெருகேற்ற உதவாத மென்மையான கல்.

ஆற்றுக் கல்லும் மணலும் சட்டத்தில் சிறு கனிமம், அரசுக்குச் சொந்தம். மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுவது குற்றம். ஆளுக்கு ஒரு மஞ்சப்பை, அதுவும் பாதிப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது வேண்டாம் என்றால் விவாதிக்காமல் கொட்டிவிட்டு வரலாம். ஒரு தடவை உருட்ட ஒரு கிலோ போதும், அதனால் நல்லதாக மூன்று கிலோ பொறுக்கினாலே நான்கைந்து மாதத்துக்கு வேலை இருக்கும்.

ஆற்றில் இறங்கியதும்

வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் வடிந்த தை முதல் பங்குனி வரை நல்ல காலம். வெள்ளம் புதுக் கல்லைப் புரட்டிப் போட்டிருக்கும், வெயிலும் தாங்கும். விடியற்காலையில் கிளம்பி முற்பகலுக்குள் முடித்துவிடுங்கள், அதற்குமேல் கல் சுடும். பெரிய ஆபத்து மணல் அள்ளிய பள்ளம். கலங்கல் தண்ணீர் தேங்கியிருந்தால் முழங்கால் ஆழமா ஆள் ஆழமா என்று தெரியாது. தேங்கிய தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வருசநாட்டு மலையில் மழை என்றால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். பெரிய கல்லைப் புரட்டக் குச்சி வேண்டும், கை வேண்டாம். அடியில் தேள் இருக்கும்.

கல்லைச் சோதிக்க ஒரு சின்ன வாளித் தண்ணீர், ஒரு பேனாக்கத்தி, ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். கல்லை நனைத்தால் மெருகேற்றிய பிறகு என்ன நிறத்தில் இருக்கும் என்பது அப்போதே தெரியும். அதோடு விட்டுவிடாமல், நனைத்த கல்லை வெயிலில் பிடித்துக் காய்வதைப் பாருங்கள். மேற்பரப்பு வெளுத்து வரும்போது ஏதாவது ஒரு மெல்லிய கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றால் அது விரிசல். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அதனால்தான் கடைசியாகக் காய்கிறது. அந்தக் கல்லைப் போட்டுவிடுங்கள். உருளும்போது அந்தக் கோட்டில் பிளந்து, கூர்முனை மற்ற எல்லாக் கல்லையும் கீறும். நல்ல கல்லையும் உடனே பையில் போடாமல் இன்னொரு கல்லில் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் எடுக்கலாம், மொத்தென்று கேட்டால் வேண்டாம்.

அடுத்தது கத்தி. கத்திமுனையால் அழுத்திக் கீறும்போது கல்லில் பள்ளம் விழுந்தால் அது மென்மையானது. கல்லுக்கு ஒன்றும் ஆகாமல் கத்தியின் இரும்பு சாம்பல் கோடாக ஒட்டிக்கொண்டால் கல் கெட்டி. கெட்டித்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் கத்தி ஏறத்தாழ 5.5, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சுக்கான்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் 3-ஐ ஒட்டியே நிற்கும், கத்தி வெண்ணெயாக இறங்கும். சிவகங்கைப் பக்கம் கிடைக்கும் செம்புறாங்கல்லும் கரையக்கூடியது, எந்திரத்தில் சேறாகிவிடும்.

வரிவரியாக அழகாக இருக்கும் நைஸ் கல்லில்தான் அதிகம் ஏமாறுவார்கள். கறுப்பு வரி காக்காப்பொன்னாக இருந்தால் நகத்தால் கீறினாலே செதில் வரும். அதன் கெட்டித்தன்மை 3-ஐத் தாண்டாது. பக்கத்தில் இருக்கும் குவார்ட்ஸ் தேய்வதற்குள் அது அரித்துப் போய், மெருகேறிய கல் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழி விழும். கறுப்பு வரி நகத்துக்கு மசியாவிட்டால் மட்டும் எடுங்கள்.

அளவு: புளியங்கொட்டை முதல் எலுமிச்சம்பழம் வரை. ஒரே அளவாக எடுத்தால் உருளாது, சறுக்கும். மூன்றில் ஒரு பங்காவது சின்னக் கல்லாக இருக்க வேண்டும். கல்லில் குழி, ஓட்டை இருந்தால் பவுடர் ஒளிந்துகொள்ளும், அதையும் தவிர்க்கலாம்.

பிள்ளைகள் சலித்துப்போகாமல் இருக்க ஒரு வேலை: இரண்டு வெங்கச்சங்கல்லைத் தனியே எடுத்து வைத்து, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒன்றோடொன்று அழுத்தி உரசச் சொல்லுங்கள். கல்லுக்குள் மஞ்சள் ஒளி மின்னும், கருகிய வாசம் வரும். குவார்ட்ஸ்தான் என்பதற்கு நல்ல அடையாளம்.

உருட்டும் வேலை

ஒன்றரைக் கிலோ பீப்பாய் என்றால் கல், தண்ணீர், பவுடர் எல்லாம் சேர்ந்த எடை அது. கல் மட்டும் ஒரு கிலோ அளவில், பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்ப வேண்டும். குறைத்துப் போட்டால் கல் உயரத்திலிருந்து விழுந்து மோதி உடையும். தண்ணீர் மேல் வரிசைக் கல்லுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். குவார்ட்ஸ் ஒரு தடவை, சார்னோகைட் ஒரு தடவை என்று தனித்தனியே ஓட்டுங்கள்.

பவுடர் சிலிக்கன் கார்பைடு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு மேசைக்கரண்டி. முதல் கட்டம் 60/90 எண் (எண் குறைந்தால் துகள் பெரிது). ஏழு நாள் ஓட்டித் திறந்து, கழுவி, புதுப் பவுடர் போட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். வெங்கச்சங்கல்லுக்கு இந்தக் கட்டமே மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். இதில் அவசரப்பட்டால் பிறகு சரிசெய்ய வழியே இல்லை. அடுத்து 120/220 ஏழு நாள், 500 ஏழு நாள், கடைசியில் அலுமினியம் ஆக்ஸைடு மெருகுப் பவுடர் ஏழு நாள். ஆற்று மணலைப் பவுடருக்குப் பதிலாகப் போட்டுப் பார்க்கத் தோன்றும். மணலும் குவார்ட்ஸ், கல்லும் குவார்ட்ஸ். ஒன்றை ஒன்று சரியாக அறுக்காது. மெக்கானிக் கடையில் எஞ்சின் வால்வைத் தேய்க்கும் வால்வ் பேஸ்டும் வேண்டாம், அதில் இருக்கும் கிரீஸ் கழுவினாலும் போகாது.

கட்டம் மாறும்போது கழுவுவதில்தான் முழுப் பொறுமையும் வேண்டும். ஒரு பெரிய பவுடர் துகள் அடுத்த கட்டத்துக்குப் போனாலும் கீறல் விழும். ஒவ்வொரு கல்லையும் பிரஷ்ஷால் தேய்த்து, பீப்பாய் மூடியின் விளிம்பையும் தேய்த்து, ஒரு மேசைக்கரண்டி சோப்புச் சீவலும் தண்ணீரும் விட்டு அரை நாள் ஓட்டிக் கழுவுங்கள். மெருகுக் கட்டத்துக்குத் தனிப் பீப்பாய் வைத்துக்கொள்வது சிறந்தது. நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். சோப்பு திரிந்து பிசுக்காகும், காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். கடைசிக் கட்டத்துக்கும் கடைசிக் கழுவலுக்கும் ஆர்ஓ தண்ணீரோ மழைத்தண்ணீரோ வேண்டும்.

எந்திரம் இரவும் பகலும் ஓடும், சத்தமும் இருக்கும். பின்வாசல், மாடிப்படி அடி மாதிரி நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் பெட்டிக்குள் மூடி வைத்தால் மோட்டார் புகைந்துவிடும். தொட முடியாத அளவுக்குச் சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். கரண்ட் போய்ப் பல மணி நேரம் நின்றிருந்தால் சேறு இறுகியிருக்கும், முதலில் பீப்பாயைக் கையால் நாலு சுற்று உருட்டிவிட்டுப் போடுங்கள். முதல் சில நாள் தினமும் மூடியைத் திறந்து உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றுங்கள். மூடி உப்பியிருந்தால் முகத்தைத் தள்ளி வைத்துத் திறங்கள்.

பெரிய கல்லை உடைக்க வேண்டுமானால் சாக்கில் சுற்றி, நனைத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துதான் சுத்தியலால் அடிக்க வேண்டும். கல் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், உலர்ந்த நிலையில் எதையும் அரைக்காதீர்கள்.

மெருகுக் கட்டம் முடிந்தும் ஈரத்தில் பளபளத்து, காய்ந்ததும் மங்கினால் 500-ஆம் எண் கட்டம் போதவில்லை என்று பொருள். மெருகுப் பவுடரை மறுபடி கொட்டாமல் அந்தக் கட்டத்தை மீண்டும் ஏழு நாள் ஓட்டுங்கள். பளபளப்பின் நடுவே மெல்லிய கோடுகள் தெரிந்தால் கழுவுவதில் குறை. வெள்ளைப் பிறை மாதிரி அடிபட்ட தடம் இருந்தால் பீப்பாயில் கல் குறைவு. கல் தேய்ந்து இறங்கிய அளவுக்கு, டம்ப்ளரில் இடம் நிரப்பவென்றே விற்கும் சின்னப் பீங்கான் உருளையைச் சேர்த்து நிரப்புங்கள். முதல் கட்டத்தில் போட்ட உருளையை மெருகுக் கட்டத்தில் போடாதீர்கள்.

மிஞ்சும் சேற்றைக் கழுவுதொட்டியிலோ பாத்ரூம் குழியிலோ ஊற்றினால் சிமென்ட் மாதிரி இறுகிக் குழாயை அடைத்துவிடும். ஒரு வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, அடிச் சேற்றை ஆள் நடமாட்டமில்லாத ஓரத்தில் மண்ணைத் தோண்டிப் புதையுங்கள்.