அன்இன்ஸ்டால் செய்தும் மிச்சம் கிடக்கும் ஃபைல்கள்

மா சீசன் தொடங்குமுன் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஆபீஸின் விண்டோஸ் சிஸ்டத்தைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தால், நாலு சாஃப்ட்வேரை எடுத்தபிறகும் சி டிரைவில் இடம் கூடியிருக்காது. அன்இன்ஸ்டாலருக்குத் தெரிவது, இன்ஸ்டால் அன்று வைத்த ஃபைல்களின் பட்டியல்தான். பிறகு ஓட ஓட உருவான கேச் (தற்காலிகச் சேமிப்பு), லாக் (நடந்ததைக் குறிக்கும் பதிவு), செட்டிங் எல்லாம் அதன் கணக்கில் இல்லை.

எடுப்பதற்கு முன்பே கண்ட்ரோல் பேனலில் பப்ளிஷர், அதாவது சாஃப்ட்வேரைத் தயாரித்த கம்பெனியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மிச்ச ஃபோல்டர் பெரும்பாலும் கம்பெனி பெயரில்தான் ஒளிந்திருக்கும். அன்இன்ஸ்டால் முடிந்ததும் கட்டாயம் ரீஸ்டார்ட். பூட்டிக்கிடந்த ஃபைல்கள் அப்போதுதான் போகும்.

அடுத்து, மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி வைத்துவிட்டு, இரண்டு புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்கள், புரோகிராம் டேட்டா, யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என வரிசையாகத் தேடுங்கள். ஆப்டேட்டாவில் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் மூன்றும் உண்டு. பெரிய கேச் அதிகம் சேருவது லோக்கலில். காமன் ஃபைல்ஸ் பக்கம் போகாதீர்கள், அது பல சாஃப்ட்வேருக்குப் பொது.

கண்டதும் டெலிட் வேண்டாம். பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்து ஒரு வாரம் விடுங்கள். பெயர் மாற்றவே விடவில்லையென்றால் பெரும்பாலும் ஏதோ சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) இன்னும் பிடித்திருக்கிறது; சர்வீசஸ் பட்டியலில் தேடி நிறுத்துங்கள்.

உண்மையான ஆபத்து கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியில். டேட்டா ஃபோல்டருக்குள் 10000, 100000 என்று வெறும் எண்ணில் ஃபோல்டர்கள் இருக்கும். பார்த்தால் குப்பை மாதிரிதான் தெரியும், உள்ளே இருப்பதோ ஆலையின் மொத்தக் கணக்கு. டேலி பிரைமில் அது வழக்கமாக யூசர்ஸ், பப்ளிக் வழியாகப் போகும் இடத்தில் கிடக்கும். முதலில் பென் டிரைவில் காப்பி, பிறகு மற்ற வேலை.

விண்டோஸ் செட்டிங்குகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியைத் துடைத்தால் வேகம் கூடும் என்பது வீண் நம்பிக்கை. திரும்ப இன்ஸ்டால் செய்யும்போது 'ஏற்கெனவே உள்ளது' என்று அடம்பிடித்தால் மட்டும் உள்ளே போங்கள். கரண்ட் யூசர், லோக்கல் மெஷின் இரண்டிலும் சாஃப்ட்வேர் கிளைக்குள் பாருங்கள். எக்ஸ்போர்ட் (காப்பி) எடுத்துவிட்டு அந்தச் சாஃப்ட்வேரின் கீயை, அதாவது ஃபோல்டர் போலத் தெரியும் பதிவை மட்டும் அழியுங்கள். அதே கம்பெனியின் வேறு சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தால் கம்பெனி கீயைத் தொட்டீர்களோ, அதுவும் படுத்துவிடும்.

ஆன்டிவைரஸுக்கு இந்த வழி சரிவராது. டிரைவர் வரை வேர்விட்டிருக்கும். அந்தந்தக் கம்பெனி தரும் ரிமூவல் டூலே சரி. பிரிண்டரை நீக்கியும் பழைய டிரைவர் தங்கும். பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர்ஸ் டேபுக்குப் போய் டிரைவர் பேக்கேஜோடு எடுக்க வேண்டும். 'உபயோகத்தில் உள்ளது' என்றால் பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த கையோடு உடனே எடுங்கள்.