அறுபதுகளின் அறியப்படாத பாப் பாடல்களைத் தொகுப்பு ஆல்பங்களின் வழியே தேடிக் கேட்பது எப்படி

1960களின் ஆங்கில பாப் இசை என்றதும் நம் நினைவுக்கு வருவது பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தாம். அந்தப் பெயர்களுக்கு அப்பால் இருப்பவற்றைக் கேட்க விரும்புகிறவர், பாடகரின் பெயரைக் கொண்டு தேடத் தொடங்கினால் வெகுதூரம் போக முடியாது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபின் அந்நாட்டின் சிற்றூர்களில்கூட இளைஞர் குழுக்கள் முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சிங்கிள் இசைத்தட்டுகள் ஒன்றிரண்டை வெளியிட்டுவிட்டு, தங்கள் பெயரில் ஓர் ஆல்பம்கூட இல்லாமல் கலைந்துபோயின. அன்றைய வானொலி நிலையங்கள் அந்தந்த நகரத்தின் விருப்பத்தை ஒட்டியே பாடல்களைத் தேர்ந்தெடுத்ததால், சிகாகோவில் எல்லோரும் முணுமுணுத்த ஒரு பாட்டு லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர் காதிலும் விழாமல் போவது இயல்பாக நடந்தது. இத்தகைய பாடல்களை இன்று அடைவதற்கு நம்பகமான வழி, யாரோ ஒருவர் பொறுமையாகத் தேடிச் சேர்த்த தொகுப்பு ஆல்பங்களே. ஆனால் எல்லாத் தொகுப்புகளும் இதற்கு உதவுவதில்லை.

முதலில், தொகுப்பு யாருக்காக உருவானது என்று பாருங்கள். கனடாவின் வின்னிபெக் நகரைச் சேர்ந்த ஃபிலிப் கைவ்ஸ் 1966இல் இருபத்தைந்து கன்ட்ரி பாடல்களை ஒரே தட்டில் அடக்கி விற்றார். அவருடைய கே-டெல் நிறுவனம் தொலைக்காட்சி விளம்பரத்தின் பலத்தில் அதன்பின் பெரிதாக வளர்ந்தது. ஒரு தட்டில் இருபதுக்கும் மேற்பட்ட பாடல்களைத் திணிக்க வேண்டியிருந்ததால், அந்நிறுவனத்தின் ஆல்பங்களில் பல பாடல்கள் வெட்டிக் குறுக்கப்பட்டன. இவ்வகைத் தொகுப்புகள் அப்போது எது விற்றது என்பதைக் காட்டுமே தவிர, எது மறக்கப்பட்டது என்பதைக் காட்டா. நமக்குத் தேவையானவை, கேட்பதையே தொழிலாகவும் பித்தாகவும் கொண்ட ஒருவர் தம் ரசனையை முன்வைத்துச் செய்த தொகுப்புகள். அட்டையில் தொகுத்தவரின் பெயரும் உள்ளே விரிவான குறிப்பும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே எளிய சோதனை. பெயர் இல்லாத தொகுப்பை வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.

தொடங்குவதற்கு 1972இல் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட 'நகெட்ஸ்' என்னும் இரட்டை ஆல்பத்தைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. நிறுவனத்தின் தலைவர் ஜாக் ஹோல்ஸ்மன் கேட்டுக்கொண்டதன் பேரில், அப்போது இசை விமர்சகராகவும் இசைத்தட்டுக் கடை ஊழியராகவும் இருந்த லென்னி கே தொகுத்த இதில் 27 பாடல்கள் உள்ளன. பின்னாளில் ராக் பாடகி பேட்டி ஸ்மித்தின் குழுவில் கிட்டார் கலைஞராக அறியப்பட்டவரும் இவரே. 1965 முதல் 1968 வரையிலான பாடல்களை, அவை வெளியாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், பழம்பொருளைப் போல அவர் எடுத்துக் காட்டியது அன்று விந்தையாகத் தோன்றியிருக்க வேண்டும். இந்த ஆல்பத்தைக் 'கராஜ் ராக்' (இளைஞர் குழுக்களின் கரடுமுரடான ராக் இசை) தொகுப்பு என்றே பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். நியூஜெர்சியின் நிக்கர்பாக்கர்ஸ் குழு பாடிய 'லைஸ்', பீட்டில்ஸின் பாடலோ என்று ஐயுற வைக்கும் தூய பாப். சஜிடேரியஸ் பெயரில் வந்த 'மை வேர்ல்ட் ஃபெல் டவுன்' அடுக்கடுக்கான குரல்களால் கட்டப்பட்ட ஒலிப்பதிவுக்கூடப் படைப்பு. எனவே முதல் சில பாடல்களின் இரைச்சல் பிடிக்கவில்லை என்று இதை மூடிவைத்துவிட வேண்டாம்.

முதல் முறை கேட்கும்போது குறிப்புகளைப் படிக்காமல் முழுவதையும் கேளுங்கள். மனத்தில் நின்ற ஐந்தாறு பாடல்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை உறைக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அப்போதுதான் பாடலுக்குப் பின்னால் இருக்கும் வேடிக்கைகள் தெரியவரும். 'நைட் டைம்' பாடிய ஸ்ட்ரேஞ்ச்லவ்ஸ் தங்களை ஆஸ்திரேலியாவின் ஆட்டுப்பண்ணைச் சகோதரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அவர்கள் நியூயார்க்கில் பாட்டெழுதிப் பதிவுசெய்து பிழைத்த மூவர். பார்பேரியன்ஸ் குழுவின் 'மோல்ட்டி', ஒரு கையை இழந்த அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் தம் கதையைத் தாமே சொல்லும் பாட்டு. அதற்குப் பின்னணி வாசித்தவர்களோ அவருடைய குழுவினர் அல்லர், பிற்காலத்தில் 'தி பேண்ட்' என்று புகழ்பெற்ற குழுவின் கலைஞர்கள். சாக்லேட் வாட்ச்பேண்டின் பெயரில் உள்ள 'லெட்ஸ் டாக் அபவுட் கேர்ல்ஸ்' பாட்டில் ஒலிப்பது அக்குழுவின் பாடகருடைய குரல்கூட அன்று, ஒலிப்பதிவுக்கூடத்தில் பாட அழைக்கப்பட்ட டான் பென்னெட் என்பவருடைய குரல். அக்கால பாப் இசையில் அட்டையில் உள்ள பெயரை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இவை போதும்.

தேடலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பாடலின் தலைப்புக்குக் கீழும் சிறிய எழுத்தில் அதை எழுதியவர், பதிவுசெய்து தயாரித்தவர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். பாடியவரை விட்டுவிட்டு இவர்களைப் பின்தொடருங்கள். திரைப்பாடலை இசையமைப்பாளரின் பெயரால் அடையாளம் காணப் பழகிய தமிழ்க் காதுகளுக்கு இது புதிய பழக்கமே அன்று. ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். நகெட்ஸில் ஸ்டாண்டெல்ஸ் பாடிய 'டர்ட்டி வாட்டர்' உள்ளது. பாஸ்டன் நகரைப் பற்றிய அப்பாட்டு இன்றும் அந்நகரின் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி சொந்தத் திடலில் வென்றதும் ஒலிக்கிறது. பாடியவர்களோ லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். எழுதித் தயாரித்தவர் எட் காப், முன்பு 'ஃபோர் ப்ரெப்ஸ்' என்னும் நால்வர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். மேலே சொன்ன சாக்லேட் வாட்ச்பேண்டின் தயாரிப்பாளரும் அவரே. அவர் பெயரைத் தேடிப் போனால் பிரெண்டா ஹாலோவே 1964இல் மோட்டவுன் நிறுவனத்துக்காகப் பாடிய 'எவ்ரி லிட்டில் பிட் ஹர்ட்ஸ்' கிடைக்கும். அங்கிருந்து குளோரியா ஜோன்ஸ் பாடி, ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த 'டெயின்டட் லவ்' கிடைக்கும். அந்தப் பாட்டைத்தான் 1981இல் பிரிட்டனின் சாஃப்ட் செல் குழு மீண்டும் பாடி அந்நாட்டின் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. கராஜ் ராக்கில் தொடங்கி, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை வழியாக, எண்பதுகளின் சின்தசைசர் இசைக்கு ஒரே ஒரு பெயர் நம்மை அழைத்துவந்துவிடுகிறது.

இதே ஆல்பத்தில் இப்படிப் பின்தொடரத்தக்க இழைகள் இன்னும் சில உள்ளன. 'மை வேர்ல்ட் ஃபெல் டவுன்' பாட்டில் முதன்மைக் குரல் கன்ட்ரி இசைப் பாடகராகப் புகழ்பெற்ற கிளென் கேம்ப்பெல்லுடையது. எழுதியவர்கள் ஜான் கார்ட்டர், ஜெஃப் ஸ்டீஃபன்ஸ் என்னும் இரு பிரிட்டிஷ்காரர்கள். அதை முதலில் பாடியது கார்ட்டர் தொடக்கத்தில் இடம்பெற்றிருந்த 'ஐவி லீக்' குழு. கார்ட்டரைப் பின்தொடர்ந்தால் இங்கிலாந்தின் இனிமையான குரலிசைப் பாப் உலகம் முழுவதும் திறந்துகொள்ளும். 'மஜிஷியன்ஸ்' என்ற குழுவின் கேரி பானரும் ஆலன் கார்டனும்தான் 1967இல் டர்ட்டில்ஸ் பாடி முதலிடம் பிடித்த 'ஹேப்பி டுகெதர்' பாட்டை எழுதியவர்கள். மோஜோ மென் குழு பாடியிருப்பது, பாடகரும் பாடலாசிரியருமான ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் எழுதிய பாட்டு.

இந்த நிலையைக் கடந்தபின் பெரிய பெட்டித் தொகுப்புகளுக்குப் போகலாம். 1998இல் ரைனோ நிறுவனம் நகெட்ஸை நான்கு சிடிகளாக விரித்து 118 பாடல்களுடன் வெளியிட்டது; 2001இல் வந்த இரண்டாம் பெட்டியில் பிரிட்டன் முதல் உருகுவே, பிரேசில், ஜப்பான் வரையிலான நாடுகளின் 109 பாடல்கள் உள்ளன. இவற்றை ஒரே மூச்சில் கேட்பது வீண்; இருபது பாடல்களுக்கு மேல் போனால் எல்லாக் கிட்டார்களும் ஒன்றாகவே ஒலிக்கத் தொடங்கும். நாளுக்கு ஒரு சிடியின் பாதி என்பது நல்ல அளவு.

தொகுப்பாளரின் ஓரவஞ்சனையையும் மறந்துவிடக் கூடாது. நகெட்ஸ் மரபில் வந்த தொகுப்புகளில் பெண் குரல் மிக அரிது. அந்தப் பத்தாண்டின் பாப் இசையில் பெண்கள் பாடியது குறைவு என்று இதைக் கொண்டு எண்ணிவிடுவது பெரும்பிழை. ரைனோ நிறுவனமே 2005இல் வெளியிட்ட 'ஒன் கிஸ் கேன் லீட் டு அனதர்' என்னும் தொகுப்பில், தொப்பிப்பெட்டியைப் போல் செய்த உறைக்குள் 120 பெண் குரல் பாடல்கள் உள்ளன. பலரும் அறிந்த வெற்றிப் பாடல்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, கவனம் பெறாமல் போனவற்றையே அது முன்னிறுத்துகிறது. என் கணிப்பில் நகெட்ஸ் பெட்டியைவிட இதில்தான் பாடல்களின் சராசரித் தரம் உயர்வு. லண்டனின் ஏஸ் நிறுவனம் வெளியிடும் 'வேர் தி கேர்ல்ஸ் ஆர்' வரிசையும் இதே திசையில் செல்வது. பிரிட்டிஷ் இசையை ஆண்டுவாரியாகக் கேட்க விரும்புவோருக்கு கிரேப்ஃப்ரூட் நிறுவனத்தின் மூன்று சிடி தொகுப்புகள் பொருந்தும். 1967ஆம் ஆண்டுக்கான அதன் தொகுப்பு 2016இல் வந்தது.

வாங்கும்போதோ இணையத்தில் கேட்கும்போதோ கவனிக்க வேண்டிய இடர் ஒன்று உண்டு. பழைய வெற்றிப் பாடகர்கள் பலர், பிற்காலத்தில் மலிவு விலை நிறுவனங்களுக்காகத் தங்கள் பாடல்களையே மறுபடி பாடிப் பதிவுசெய்தார்கள். அட்டையில் 'அசல் கலைஞர்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மறுபதிவு என்பது பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஒரு பாட்டைத் தேடும்போது முதலில் வருவது இத்தகைய மறுபதிவாகவே இருக்கலாம். பாட்டின் நீளத்தை மூல சிங்கிளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் சோதனை. 45கேட் என்னும் தளத்திலும் டிஸ்காக்ஸ் தளத்திலும் பழைய தட்டுகளின் லேபிள் படங்கள் உள்ளன. நீளம் அவற்றில் அச்சாகியிருக்கும். அந்த எண்ணையும் முழுதாக நம்பிவிட முடியாது என்பதற்கு, வானொலிக்காரர்கள் நீளமான பாட்டை ஒதுக்கிவிடுவார்கள் என்று அஞ்சிய தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர், 1964இல் ரைட்டியஸ் பிரதர்ஸின் மூன்றே முக்கால் நிமிடப் பாட்டுக்கு 3:05 என்று அச்சிட்டதே சான்று. செயலியில் ஆல்பத்தின் அடியில் காணப்படும் ஆண்டு மறுவெளியீட்டின் ஆண்டாகவும் இருக்கக்கூடும் என்பதால், 1998 என்று பார்த்தவுடன் மறுபதிவு என்று தள்ளிவிட வேண்டாம்.

மலிவு விலையில் நூறு பாடல்களைத் தரும் ஐரோப்பியத் தொகுப்புகள் 1962ஆம் ஆண்டோடு நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்கான உரிமை ஐம்பது ஆண்டுகளாக இருந்து, 2013இல் எழுபதாக நீட்டிக்கப்பட்டது. அதற்குள் 1962 வரை வெளியானவை பொதுவுடைமை ஆகிவிட்டன. எனவே அந்தத் தொகுப்புகளை ஒலிப்பதிவுக்கான உரிமத் தொகை தராமல் அங்கே எவரும் வெளியிடலாம். மூல ஒலிநாடா அவர்களிடம் இருப்பதில்லை, வேறொருவர் சிடியிலிருந்து எடுத்ததாகவே இருக்கக்கூடும். பாடலை அறிந்துகொள்ள அவை போதும். நல்ல ஒலி வேண்டுமென்றால் மூல ஒலிநாடாவிலிருந்து எடுத்ததாகக் குறிப்பிடும் ஏஸ், ஜெர்மனியின் பேர் ஃபேமிலி போன்ற நிறுவனங்களின் வெளியீடுகளை நாடுங்கள். மோனோ (ஒற்றைத் தட ஒலி), ஸ்டீரியோ (இரட்டைத் தட ஒலி) என இரண்டும் கிடைக்குமானால் 1967க்கு முந்திய சிங்கிள்களுக்கு மோனோவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அன்று வானொலியில் ஒலிப்பதற்கென்றே குரலையும் கருவிகளையும் கலந்து உருவாக்கியது மோனோவைத்தான்.

உரிமச் சிக்கலால் பல தொகுப்புகள் செயலிகளில் முழுமையாகக் கிடைப்பதில்லை. பட்டியலின் நடுவே சில பாடல்கள் மங்கலாகக் கிடக்கும். அப்போது டிஸ்காக்ஸ் தளத்திலிருந்து அந்த ஆல்பத்தின் பாடல் வரிசையை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடி, அதே வரிசையில் உங்களுக்கென ஒரு பட்டியல் அமைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றாதீர்கள், எந்தப் பாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்பதில் தொகுத்தவர் செலவிட்டிருக்கும் அக்கறை கேட்கும்போது புரியும்.

தொகுப்புகளே தவறவிட்டவற்றைத் தேட விரும்பினால், பில்போர்டு இதழ் 1959 முதல் வெளியிட்டுவந்த 'பப்ளிங் அண்டர்' பட்டியலைப் பாருங்கள். அவ்விதழின் முதல் நூறு பாடல்களின் பட்டியலுக்குள் நுழைய முடியாத பாடல்கள் அதில் உள்ளன. சிகாகோவின் டபிள்யூஎல்எஸ் போன்ற நிலையங்கள் வாரந்தோறும் அச்சிட்டுக் கடைகளில் விநியோகித்த பட்டியல்கள் இன்னும் சுவையானவை. தேசியப் பட்டியலில் காணாத ஒரு பெயர் உள்ளூர்ப் பட்டியலின் முதல் பத்துக்குள் இருந்தால், அதைக் குறித்துவைத்துத் தேடுங்கள்.

ஒரு குழுவின் ஒரு பாட்டு பிடித்துவிட்டது என்பதற்காக உடனே அவர்களுடைய முழு ஆல்பத்தையும் வாங்கிவிட வேண்டாம். அக்கால ஆல்பங்கள் பலவற்றில் ஒரு வெற்றிச் சிங்கிளும், மீதமுள்ள பக்கத்தை நிரப்பப் பிறருடைய பாடல்களுமே இருக்கும். விதிவிலக்காக நான் பரிந்துரைப்பது, நகெட்ஸில் 'டோன்ட் லுக் பேக்' பாட்டின் வழியே அறிமுகமாகும் பாஸ்டனின் ரிமெய்ன்ஸ் குழுவை. 1966 ஆகஸ்டில் பீட்டில்ஸின் கடைசி அமெரிக்கப் பயணத்தில் அவர்களுக்கு முன் மேடையேறிய இக்குழு, அதே ஆண்டு எபிக் நிறுவனத்தின் வழியே வந்த ஒற்றை ஆல்பத்தோடு கலைந்துபோனது. அந்த ஆல்பத்தில் தவிர்க்க வேண்டிய பாட்டு என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.