பழைய லேப்டாப் வாங்கப் போறீங்களா? காசை எடுக்கறதுக்கு முன்னாடி கடைலயே இதெல்லாம் பாத்துருங்க

செவ்வாய்பேட்டைல ஒரு ஜோடி வெள்ளி கொலுசு வாங்கினா கூட டச் (வெள்ளியோட சுத்தம்) எவ்வளவுன்னு கேட்டு, எடை போட்டு பாத்துட்டு தான் நம்ம சேலத்து ஆளுங்க காசை வெளிய எடுப்பாங்க. அதே ஆளுங்க பையனுக்கு 20 ஆயிரத்துக்கு பழைய லேப்டாப் வாங்க போனா, ஆன் ஆகுதா, கீறல் இல்லாம இருக்குதா, அவ்வளவு தான், பைல போட்டுட்டு வீட்டுக்கு வந்துடறாங்க.

நான் அங்க வெள்ளி பட்டறைகளுக்கு டேலில கணக்கு எழுதுறவன், கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லீங்க. 2022ல ஒரு கடைல ஏமாந்த பிறகு தான் இதை விடாம கத்துகிட்டேன். அக்கா பையனுக்கு வாங்கினது, பாக்க புதுசு மாதிரியே இருந்துச்சு, ரெண்டே மாசத்துல ஹார்ட் டிஸ்க் போச்சு, சரி புது எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) போட்டு பென்டிரைவ்ல இருந்து விண்டோஸ் ஏத்திடலாம்னு பாத்தா பென்டிரைவ்ல பூட் ஆகறதையே பூட்டி வச்சிருக்காங்க, அதை திறக்க பயாஸ்க்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே ஓடற அடிப்படை செட்டிங்ஸ்) போனா பாஸ்வேர்ட் கேக்குது. கடைல போய் கேட்டா "அது நீங்க போட்டதா இருக்கும் சார்"னுட்டாங்க. கைல பில்லும் இல்ல. 16 ஆயிரம் போனதை விட, அவன் ஒரு செமஸ்டர் பூரா மொபைல்லயே அசைன்மென்ட் அடிச்சான் பாருங்க, அது தான் இன்னும் மனசுல கெடக்குது.

இப்ப அவன் தங்கச்சி பிகாம் சேர்ந்திருக்கா. வீடு ஏற்காட்டுல நாகலூர் பக்கம். போன மாசம் அவளை கூட்டிட்டு 5 ரோடு பக்கம் ஒரு கடைக்கு போய் முக்கால் மணி நேரம் உக்காந்து பாத்து தான் வாங்கினோம். அன்னைக்கு என்னென்ன பண்ணோமோ அதையே வரிசையா எழுதுறேன்.

முதல் ஸ்டெப், வீட்ல இருந்து எடுத்துட்டு போக வேண்டியது. ஒரு பென்டிரைவ், ஒரு வயர் ஹெட்செட், டேட்டா இருக்கற ஒரு மொபைல். பகல்லயே போங்க, ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்துல ஸ்கிரீன்ல இருக்கற கறை தெரியாது. அவசரப்படுத்துற கடைன்னா அங்கயே திரும்பிடுங்க, நல்ல கடைக்காரர் நாற்காலி போட்டு உக்கார சொல்லுவாரு.

ரெண்டாவது, பிராசசர், அதாவது லேப்டாப்போட மூளை. இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். கடைல "ஐ5 சார், ஐ5"னு சொல்லுவாங்க. அது இன்டெல் பிராசசரோட ஒரு வரிசை பேரு, ஐ5னு மட்டும் சொன்னா ஒண்ணுமே சொல்லலைன்னு தான் அர்த்தம். செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதுக்குள்ள கடைசியா அபவுட்னு இருக்கும், அங்க பிராசசர் பேருக்கு பக்கத்துல ஒரு எண் இருக்கும். 6300யூன்னா அது ஆறாவது ஜெனரேஷன், 8250யூன்னா எட்டாவது. எண் 1ல ஆரம்பிச்சா முதல் ரெண்டு எண்ணையும் சேர்த்து படிங்க, 10210யூன்னா பத்தாவது, 1135ஜி7னா பதினொண்ணாவது. ஏழாவது ஜெனரேஷன் ஐ5 7200யூல 2 கோர் (பிராசசருக்குள்ள வேலை செய்யற பகுதி) தான், எட்டாவதுல வந்த 8250யூல 4 கோர். ஸ்டிக்கர்ல ரெண்டுமே ஐ5 தான், வேலை செய்யறதுல நல்ல வித்தியாசம் தெரியும்.

எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ வேணாம்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11 முறைப்படி ஓடணும்னா இன்டெல்ல பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன்ல இருந்து தான், ஏஎம்டி லேப்டாப்னா பெரும்பாலும் ரைசன் 3000 வரிசைல இருந்து, கூடவே டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப்பும் வேணும். "இதுல விண்டோஸ் 11 ஓடுது பாருங்க சார்"னு ஆறாவது ஜெனரேஷன் மெஷினை ஆன் பண்ணி காட்டுவாங்க, நம்பிடாதீங்க. அந்த செக்கிங்கை தாண்டி ஏத்துறதுக்கு வழி இருக்கு, ஏத்தினா ஓடவும் செய்யும், ஆனா நாளைக்கு அப்டேட் ஒழுங்கா வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தர்றதில்ல. அதனால ஸ்கிரீன்ல என்ன ஓடுதுன்னு பாக்காதீங்க, அந்த எண்ணை பாருங்க.

மூணாவது, ரேமும் டிஸ்க்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்கு போங்க. மெமரில, அதாவது ரேம்ல, 8 ஜிபி இருக்கணும், 4 ஜிபின்னா இன்னைக்கு பிரவுசர்ல நாலு டேப் திறந்தாலே திணறும். அங்கயே ஸ்லாட் எத்தனைல எத்தனை யூஸ் ஆகுதுன்னும் போட்டிருக்கும், ஒண்ணு காலியா இருந்தா பின்னாடி ரேம் சேர்த்துக்கலாம். மெலிசான சில மாடல்ல ரேமை போர்டுலயே ஒட்டி வச்சிருப்பாங்க, அதுல சேர்க்க முடியாது, கேட்டுக்கோங்க. டிஸ்க்குக்கு நேரா எஸ்எஸ்டின்னு இருக்கணும். எச்டிடின்னு (பழைய வகை ஹார்ட் டிஸ்க்) இருந்தா எஸ்எஸ்டி மாத்தி குடுங்கன்னு விலைலயே பேசிடுங்க.

நாலாவது, பேட்டரி. "பேக்கப் 3 மணி நேரம் வரும்"னு வாயால சொல்றதை விட்டுட்டு அந்த மெஷினையே கேளுங்க, அது பொய் சொல்லாது. விண்டோஸ் பட்டனை அமுக்கி சி எம் டின்னு அடிச்சு என்டர் தட்டினா ஒரு கருப்பு விண்டோ வரும். அதுல பவர்னு இங்கிலீஷ்ல அடிச்சு இடைவெளி விடாம சி எஃப் ஜி, அப்புறம் ஒரு ஸ்பேஸ், வலது பக்கம் சாஞ்ச கோடு ஒண்ணு, அதை ஒட்டி பேட்டரி ரிப்போர்ட்னு ரெண்டு வார்த்தையையும் சேர்த்து அடிச்சு என்டர் தட்டுங்க. ரிப்போர்ட்டை எந்த ஃபோல்டர்ல வச்சிருக்குன்னு அங்கயே காட்டும், போய் திறந்தா பிரவுசர்ல வரும்.

அதுல ரெண்டு வரி பாத்தா போதும். டிசைன் கெப்பாசிட்டின்னா புதுசுல இருந்த கொள்ளளவு, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னா இப்ப நிஜமா பிடிக்கறது. நாங்க முதல்ல பாத்த மெஷின்ல 48,000க்கு 21,600 தான் இருந்துச்சு, பாதி கூட இல்ல. பாப்பா அதை பாத்துட்டு மெதுவா "மாமா, எங்க ஊர்ல மழை நேரத்துல கரண்ட் போனா லேசுல வராது"ன்னா. அவ சொன்னது சரி தான், காபி எஸ்டேட் பக்கம் மரக்கிளை ஒடிஞ்சு லைன்ல விழுந்தா அவ்வளவு தான். அதை வேணாம்னுட்டு அதே மாடல்ல வேற ஒண்ணு கேட்டோம், அதுல 48,000க்கு 39,800 இருந்துச்சு, எடுத்துட்டோம்.

நம்பர் நல்லா இருந்தாலும் மெஷினை ஒரு தடவை கண்ணாடி மேசை மேல வச்சு பாருங்க. நாலு காலும் படியாம ஆடுச்சுன்னாலோ, டச்பேட் ஒரு ஓரம் தூக்கிட்டு கிளிக் ஆகாம கல்லு மாதிரி இருந்தாலோ, உள்ள பேட்டரி உப்பி இருக்கலாம். அதை என்ன விலைக்கு குடுத்தாலும் தொடாதீங்க, தீப்பிடிக்கிற ஆபத்து இருக்கு.

அஞ்சாவது தான் நான் மாட்டின இடம், பயாஸ். மெஷினை ஆஃப் பண்ணிட்டு திரும்ப ஆன் பண்ணும்போதே டெல், ஏசர்னா எஃப்2, எச்பின்னா எஃப்10, லெனோவோ திங்க்பேட்னா எஃப்1 பட்டனை தட்டிகிட்டே இருங்க. பாஸ்வேர்ட் கேக்காம உள்ள போகணும், போய் ஒரு செட்டிங்கை மாத்தவும் முடியணும். கேட்டுச்சுன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. உள்ள தெரியற சீரியல் நம்பரும் அடில ஒட்டியிருக்கறதும் ஒண்ணா இருக்கான்னு அப்பவே பாத்துக்கோங்க.

கடைக்கு வர்ற பழைய மெஷின்ல நிறைய பெரிய கம்பெனிங்க மொத்தமா கழிச்சு விட்டது, டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக், திங்க்பேட் மாதிரி. அதெல்லாம் உழைக்கிற மெஷின் தான், எனக்கு ரொம்ப பிடிக்கும். ஆனா சிலதுல அந்த கம்பெனி தன்னோட பதிவை நீக்காமயே வித்திருக்கும். அதை கண்டுபிடிக்க விண்டோஸை ரீசெட் பண்ண சொல்லுங்க, முதல் தடவை செட்டப் வரும்போது உங்க மொபைல் ஹாட்ஸ்பாட்ல நெட் குடுங்க. ஏதாவது கம்பெனி பேரை காட்டி அந்த ஆபீஸ் மெயில் ஐடி போட சொன்னா அது இன்னும் அவங்க பிடில இருக்குன்னு அர்த்தம். ரீசெட்டுக்கு நேரம் ஆகும், டீ குடிச்சுட்டு வாங்க, ஆனா இதை மட்டும் விடாதீங்க.

மத்ததெல்லாம் வேகமா முடிஞ்சுரும். நோட்பேட் திறந்து ஒவ்வொரு கீயா தட்டுங்க, ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ், என்டர் மூணையும் ஓரத்துலயும் தட்டி பாருங்க. வெள்ளை பக்கத்தை முழு ஸ்கிரீன்ல வச்சா கரும்புள்ளி தெரியும், கருப்புல வச்சா ஓரத்துல லைட் கசியறது தெரியும். மூடியை மெதுவா திறந்து மூடுங்க, கீல் பக்கம் கிறீச்னு சத்தமோ பிளாஸ்டிக் வெடிப்போ இருக்க கூடாது. எல்லா யூஎஸ்பி ஓட்டைலயும் பென்டிரைவ், ஹெட்செட்ல ஒரு பாட்டு, கேமரா, மைக், வைஃபை. சார்ஜரை சொருகிட்டு பின்னை லேசா அசைச்சா சார்ஜ் விட்டு விட்டு வர கூடாது. டெல் மெஷினா இருந்தா டூப்ளிகேட் சார்ஜர் போட்டா அது கண்டுபிடிச்சுடும், சார்ஜ் ஏறாம ஸ்லோவா வேற ஓடும், அதனால கூட குடுக்கற சார்ஜரை போட்டே பாருங்க. இதுக்கு நடுவுல யூட்யூப்ல ஒரு வீடியோவை 20 நிமிஷம் ஓட விட்டுருங்க, கீழ கை வைக்க முடியாத அளவு சுட்டுச்சுன்னா நம்ம ஊர் ஏப்ரல், மே வெயில்ல அது தாங்காது.

பில் வாங்குங்க. சீரியல் நம்பர், எத்தனை மாச வாரன்டி, பேட்டரிக்கும் சேர்த்தா இல்லையா, எல்லாம் பேப்பர்ல இருக்கணும். வாய் வார்த்தை எனக்கு உதவல.

மலை மேல இருக்கறவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். காலைல குளிர்ல கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு வந்த உடனே லேப்டாப்பை திறந்து ஆன் பண்ணாதீங்க, ஜில்லுனு இருக்கற மெஷின் மேல கீழ இருக்கற சூடான காத்து பட்டா உள்ள நீர் கோத்துக்கும். அரை மணி நேரம் பைக்குள்ளயே மூடி வச்சிருந்துட்டு அப்புறம் எடுங்க. இடி மின்னல் நேரத்துல சுவிட்சை அணைச்சா மட்டும் பத்தாது, பிளக்கையே புடுங்கிடுங்க, ஃபைபர் மோடத்துல இருந்து வயர் இழுத்திருந்தா அதையும். பாப்பா அதுக்காக பிளக் பாயின்ட்டுக்கு மேல ஒரு பேப்பர் எழுதி ஒட்டி வச்சிருக்கா, போன வாரம் மழை பேஞ்சப்ப எங்க அக்கா தான் முதல்ல ஓடி போய் புடுங்கினாங்களாம்.