கறுப்பு டக்ளஸைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸுக்கு வலது கையாக இருந்தவர் சர் ஜேம்ஸ் டக்ளஸ். முதலில் பட்டத்தைச் சரியாகப் போடுங்கள். அவர் ஏர்ல் (உயர் பிரபு) ஆனதே இல்லை. டக்ளஸ் ஏர்ல் பட்டம் 1358-இல்தான் வந்தது, அதைப் பெற்றவர் அவருடைய தம்பி மகன் வில்லியம். 'கறுப்பு டக்ளஸ்' என்பதும் எதிரிகளான ஆங்கிலேயர் வைத்த பெயர். சொந்த ஊர்க்காரர்களுக்கு அவர் 'நல்ல சர் ஜேம்ஸ்'.

பெரிய தவறு, அவரைப் பிறவிக் கலகக்காரராகக் காட்டுவது. ஆங்கிலேயரை எதிர்த்த அவருடைய அப்பா 1298-இல் லண்டன் டவர் சிறையில் இறந்தார். குடும்ப நிலம் ராபர்ட் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலப் பிரபுவின் கைக்குப் போனது. 1304-இல் ஆங்கிலேயர் ஸ்டர்லிங் கோட்டையை முற்றுகையிட்டபோது, ஆயர் லாம்பர்ட்டன் இளைஞரான டக்ளஸை ஆங்கில மன்னர் முதலாம் எட்வர்டிடமே அழைத்துப்போய் நிலத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார். அப்பாவின் பெயரைக் கேட்டதுமே எட்வர்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் கழித்து டக்ளஸ் புரூஸிடம் போய்ச் சேர்ந்தார். நிலம் கேட்டு நின்ற அந்த நாளை விட்டுவிட்டு எழுதினால் அவருடைய அரசியலே பிடிபடாது என்பது என் எண்ணம்.

அப்புறம், ஆங்கிலேயர் கையில் இருந்த சொந்தக் கோட்டையையே எரித்தவர் என்பதால் அவரை வெறும் கொடூரராக முடித்துவிடுகிறார்கள். ஒரு குருத்து ஞாயிறன்று, தேவாலயத்துக்கு வந்திருந்த ஆங்கிலக் காவல்படையை மடக்கினார். தானியம், மது, பிணங்கள் எல்லாவற்றையும் நிலவறையில் குவித்துத் தீ வைத்தார். கொடுமைதான், மறைக்க வேண்டாம். ஆனால் காரணத்தையும் சொல்லுங்கள்: கோட்டையைக் காக்க புரூஸ் பக்கம் ஆள் பலம் இல்லை, அப்படியே விட்டால் எதிரி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வான். 1314 பிப்ரவரியில் பிடித்த ராக்ஸ்பரோ கோட்டையும் இதே காரணத்துக்காகத்தான் இடிக்கப்பட்டது. அன்று இரவு டக்ளஸின் ஆட்கள் கவசத்தின் மேல் கறுப்புப் போர்வை போர்த்தி, கைகாலால் ஊர்ந்து மதிலை நெருங்கினார்கள். மாடுகள் மேய்கின்றன என்று காவலர்கள் நினைத்துவிட்டார்கள்.

கடைசியாக, இறந்துபோன மன்னர் புரூஸின் இதயம். அதைப் பேழையில் சுமந்துகொண்டு புனித பூமிக்குப் புறப்பட்ட டக்ளஸ் ஜெருசலேம் போய்ச் சேரவே இல்லை. 1330 ஆகஸ்டில் ஸ்பெயினின் தேபாவில், அங்கிருந்த காஸ்டில் நாட்டின் மன்னருக்காகப் போரிட்டு மாண்டார். இதயப் பேழையை எதிரிகள் நடுவே வீசி எறிந்தார் என்ற காட்சி பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. இதயம் மெல்ரோஸ் மடத்துக்கும் அவருடைய எலும்புகள் டக்ளஸ் ஊர்த் தேவாலயத்துக்கும் திரும்பி வந்தன.