ஜீப் கிரவுன் ஆயில் வெளுக்கிறதா? சீல் மாற்றும் முன் பிரீதரைப் பாருங்கள்

மழை ஓய்ந்ததும் கொல்லையில் ஓடும் ஜீப்புக்கு முதலில் பார்க்க வேண்டியது கிரவுன் ஆயில், அதாவது அச்சின் நடுவில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பெட்டியின் ஆயில். இன்ஜின் ஆயிலை டிப் ஸ்டிக் உருவி எல்லோரும் பார்த்துவிடுகிறோம். கிரவுனுக்கு அப்படி ஒரு குச்சி கிடையாது, அதனால் சத்தம் வரும்வரை அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் ஓடை இறங்கி ஏறாமல் முந்திரிக் கொல்லைக்குப் போய்வர முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணை கரை மீறியபோது தண்ணீரில் ஓடிய வண்டி உங்களிடம் இருந்து, இன்னும் அதன் கிரவுனைத் திறக்கவில்லை என்றால் இந்த வாரமே திறந்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா எம்எம் 540. கமாண்டர், மேஜர், 2010-ல் வந்த முதல் தார் என்று பட்டை ஸ்பிரிங்கோ (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) கட்டி அச்சோ (இரு பக்கச் சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே அச்சு) உள்ள எந்த வண்டிக்கும் இந்த முறை பொருந்தும். பிளக்கின் இடமும் அளவும் மட்டும் மாறும்.

1. ராத்திரி முழுக்க நிற்கட்டும்

சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி வேண்டாம். ஜீப்புக்கு அடியில் படுத்து வேலை செய்ய இடம் போதும். ஜாக்கி ஏற்றினால் ஆயில் மட்டமும் தப்பிவிடும்.

சூடாக இருக்கும்போது ஆயில் இறக்கினால் சீக்கிரம் வடியும் என்பார்கள். சாதாரண ஆயில் மாற்றத்துக்கு அது சரி. தண்ணீர் புகுந்ததா என்று தெரிய வேண்டுமானால் வண்டி ஆறியிருக்க வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், ராத்திரியில் அடியில் போய்த் தங்கிவிடும். காலையில் டிரெயின் பிளக்கை, அதாவது ஆயில் வடிக்கும் அடி மூடியை, அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். முதலில் தெளிந்த தண்ணீர் சொட்டி, அதன் பின்னால் ஆயில் வந்தால் சந்தேகமே இல்லை. தண்ணீரோடு வண்டி நிறைய ஓடியிருந்தால் இரண்டும் பிரியாமல் கலந்து, பால் காப்பி போல வெளுத்து வரும்.

ஆனால் அந்த டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன்னால் அடுத்த படியை முடித்துவிட வேண்டும்.

2. மேல் பிளக் கழன்ற பிறகுதான் கீழ் பிளக்

மேலே ஆயில் ஊற்றும் ஓட்டையின் மூடியான ஃபில்லர் பிளக் வருஷக்கணக்கில் திறக்காமல் துருவேறிப் பிடித்திருக்கும். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, மேலே ஊற்றப் போகும்போது அது கழலவில்லை என்றால், வண்டி கொல்லையிலேயே நிற்கும். அதனால் மேல் பிளக் கையோடு வந்தபிறகுதான் கீழே கை வைக்க வேண்டும்.

திருகு ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். அது முனையை மழுக்கிவிடும். அறுகோணத் தலை என்றால் சரியான அளவில் ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ். சதுரக் குழி என்றால் அந்தக் குழியில் இறுக்கமாக உட்காரும் சதுர முனை. முதல் நாள் சாயங்காலமே கம்பித் தூரிகையால் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, டபிள்யூடி 40 அடித்து ஊற விடுங்கள். காலையில் பிளக்கின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. பிறகு நீளக் கைப்பிடி போட்டு, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக அழுத்தினால் வந்துவிடும்.

சில அச்சுகளில் கீழே டிரெயின் பிளக்கே இருக்காது. பின் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி வடிக்கலாம், கேஸ்கட் புதிதாகப் போட வேண்டும். அல்லது ஃபில்லர் ஓட்டை வழியாகக் கைப்பம்பால் உறிஞ்சி எடுக்கலாம். தண்ணீர் புகுந்த வண்டிக்கு நான் மூடியைத்தான் கழற்றுவேன். உறிஞ்சினால் அடிச்சேறு உள்ளேயே தங்கிவிடும்.

வடிந்த ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை தேய்மானம்தான், பயமில்லை. நகத்தில் இடறும் அளவுக்கு இரும்புத் துணுக்கு வந்தால் பட்டறைக்குப் போக வேண்டும். வடித்த ஆயிலைக் கேனில் அடைத்துப் பட்டறையிலோ பழைய ஆயில் எடுப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். கரையானுக்கு என்று வேலிக்காலில் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் உண்டு; அந்த மண்ணில் இறங்குவது நம் போர் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும்.

3. பிரீதர்

இதைச் சொல்லத்தான் மற்றதெல்லாம். என் வண்டியில் ஆயில் வெளுத்தது. மெக்கானிக், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் தேய்ந்துவிட்டது என்று புது சீல் போட்டார், ஆயிலும் மாற்றினோம். அடுத்த மழைக்கு மறுபடி வெளுத்தது. சீலில் குறையே இல்லை. குறை இருந்தது அச்சின் ஹவுசிங் குழாயின் மேல், பிரேக் பைப் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சுண்டுவிரல் நுனி அளவு மூடியில், அதுதான் பிரீதர். அதற்குள் குளவி கூடு கட்டி, செம்மண் கெட்டியாக அடைத்திருந்தது.

வண்டி ஓடும்போது கிரவுன் சூடாகிறது, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. அந்தக் காற்று வெளியே போகத்தான் பிரீதர். சூடான அச்சு சட்டென்று ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சுருங்கும். வெளியிலிருந்து எதையாவது இழுத்தே தீரும். பிரீதர் அடைத்திருந்தால், நல்ல சீலாக இருந்தாலும் அதன் உதட்டைத் தாண்டித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் இதே அடைப்பு ஆயிலை வெளியே தள்ளி, பின் டிரம்மில் பிரேக் லைனிங்கை நனைக்கும்.

மூடியை விரலால் சுற்றிப் பாருங்கள். சுற்றி, லேசாக மேலும் கீழும் ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் கழற்றி டீசலில் ஊறவைத்து, ஊதிப் பாருங்கள். அப்போதும் காற்று போகவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், மலிவுதான்.

தண்ணீரில் இறங்குகிற வண்டிக்கு அது மட்டும் போதாது. பிரீதர் சுத்தமாகவே இருந்தாலும் அது முங்கினால் தண்ணீரைத்தானே இழுக்கும்? அதனால் பிரீதரைக் கழற்றிவிட்டு, அந்த மரையில் ஹோஸ் மாட்டும் நிப்பிள் போட்டு, டீசல் ஹோஸை சேசிஸ் ஓரமாக மேலே கொண்டுபோய், இன்ஜின் அறையில் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் ஓட்டுநர் பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகடு) உயரத்தில் முடியுங்கள். கழற்றிய பிரீதரைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போனால் மரை அளவு தப்பாது. ஹோஸின் மேல் நுனியில் பைக்குக்குப் போடும் சின்ன பெட்ரோல் ஃபில்டரை வாய் கீழ்நோக்கி மாட்டுங்கள், குளவி இனி நுழையாது. முன் அச்சுக்கும் இதையே செய்ய வேண்டும். அச்சு மேலும் கீழும் ஏறி இறங்கும், ஆகவே சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவில் ஹோஸ் தளர்வாகத் தொங்கட்டும். இழுத்துக் கட்டினால் முதல் பள்ளத்திலேயே பிடுங்கிக்கொள்ளும்.

4. கழுவி நிரப்புவது

வெளுத்த ஆயில் வந்திருந்தால் ஒரு முறை மலிவான கியர் ஆயில் ஊற்றி, கொல்லைக்குள்ளேயே சிறிது நேரம் ஓட்டி, அதையும் வடித்துவிடுங்கள். பட்டறையில் டீசல் விட்டு அலசுவார்கள். மூலையில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும் என்பதால் எனக்கு அதில் சம்மதமில்லை.

கிரவுனுக்கு ஜிஎல் 5 தரத்தில் 80 டபிள்யூ 90 கியர் ஆயில். கியர்பாக்ஸுக்கு உங்கள் கையேடு ஜிஎல் 4 என்று சொன்னால் அதுதான். கிரவுனுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று அங்கே ஊற்றக் கூடாது, உள்ளே கியர் மாற்ற உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கும், ஜிஎல் 5 அவற்றை அரிக்கலாம். ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பில் வழியும்வரை ஊற்றி, வழிவது நின்றதும் மூடுங்கள்.

5. மற்றவை

கிரீஸ் கன்னை எடுத்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட், ஷேக்கிள், டை ராடு எல்லாவற்றிலும் பழைய கிரீஸும் தண்ணீரும் பிதுங்கி வெளியே வரும்வரை அடியுங்கள். ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் செம்மண்ணைக் கழுவிவிடுங்கள். தேவனாம்பட்டினம், பாகூர் என்று கடல் காற்று படும் இடமென்றால் சேசிஸின் உள்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். பங்குனியில் முந்திரிச் சருகு சைலன்சர் மேல் சேரும். சூடான குழாயில் காய்ந்த சருகு தீப்பிடிக்கும், ஆகவே கொட்டை பொறுக்கும் நாட்களில் தினமும் குனிந்து பார்த்துக் கையால் தட்டிவிடுங்கள்.

பின்னால் சேர்த்தது: ஹோஸ் போட்ட பிறகும் முன் கிரவுன் வெளுக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். ஹோஸ் ஒரு வளைவில் மடங்கி, நசுங்கி, காற்றே போகாமல் இருந்தது. வளைவுகளைப் பெரிதாகப் போடுங்கள். மாட்டி முடித்ததும் மேல் நுனியில் வாய் வைத்து ஊதுங்கள். தடையில்லாமல் காற்று போக வேண்டும்.

இன்னொன்று: சைலன்சர் பக்கமாக ஹோஸைக் கொண்டுபோன ஒருவருக்கு அது உருகிவிட்டது. சைலன்சர் இல்லாத பக்கத்துச் சேசிஸில் கொண்டுபோங்கள், கூடுதலாக ஒரு மீட்டர் ஹோஸ் ஆனாலும் பரவாயில்லை.