பழைய லென்ஸில் பூஞ்சை: கழற்றலாமா, எப்படிக் கழற்றுவது?

கழற்றிப் பழகுவதற்கு ஹீலியோஸ் 44-2 நல்ல லென்ஸ் என்பது என் கட்சி. சோவியத் ஜெனிட் கேமராக்களோடு வந்த 58 மி.மீ., எஃப்/2 லென்ஸ் அது. ஜெர்மனியின் கார்ல் சைஸ் யேனா நிறுவனத்தின் பயோட்டார் லென்ஸ் அமைப்பைப் பின்பற்றிச் செய்தது. உள்ளே மின்சார பாகம் எதுவும் கிடையாது. அதை வைத்தே சொல்கிறேன். உங்களுடையது ஆட்டோஃபோகஸ் மோட்டார் வைத்த லென்ஸ் என்றால் நீங்கள் கை வைக்காதீர்கள், சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.

முதலில், அது பூஞ்சைதானா?

அபர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுக்கத் திறந்து, பின்பக்கம் போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். மெல்லிய இழைகள் கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. கண்ணாடி முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தால் பெரும்பாலும் கிரீஸிலிருந்து வந்த எண்ணெய்ப் படலம். கீழே சொல்லும் முறையில் துடைத்தாலே அதுவும் போய்விடும். ஓரத்தில் வானவில் நிறமோ குமிழோ தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது, அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. நாலைந்து தூசு மட்டும் இருந்தால் தயவுசெய்து கழற்றாதீர்கள். படத்தில் அது தெரியவே தெரியாது.

எந்தக் கண்ணாடியில்?

ஹீலியோஸில் 6 கண்ணாடிகள், 4 தொகுதிகள். முன்னும் பின்னும் தனிக் கண்ணாடி. நடுவில் அபர்ச்சர் இதழ்களின் இரு பக்கமும் ஒட்டுக் கண்ணாடிகள். லென்ஸை முன்னால் இருந்தும் பின்னால் இருந்தும் பார்த்தால் பூஞ்சை எந்தப் பக்கத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று புரிந்துவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் திறந்தால் போதும். ஒட்டின இடத்துக்கு உள்ளேயே பூஞ்சை என்றால் விட்டுவிடுங்கள்.

வேண்டியவை

லென்ஸ் ஸ்பேனர் (வளையத்தைத் திருப்ப உதவும் இரட்டை முனைக் கருவி), காற்றடிக்கும் ரப்பர் பல்பு, லென்ஸ் டிஷ்யூ, நைட்ரைல் கையுறை, 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் '20 வால்யூம்' என்று கிடைக்கும் பெராக்சைடு ஏறத்தாழ 6%. அதே அளவு காய்ச்சி வடித்த நீர் கலந்தால் 3% ஆகிவிடும், நமக்கு அது போதும். அசிட்டோன் மட்டும் வேண்டாம். பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், பழைய ஒட்டுப் பசையையும் விட்டுவைக்காது.

கழற்றுவது

லென்ஸ்கள் வீணாவது பெரும்பாலும் பூஞ்சையால் அல்ல, இந்த இடத்தில் ஸ்பேனர் வழுக்குவதால்தான். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தில் எதிரெதிராக இரண்டு வெட்டுகள் இருக்கும். ஸ்பேனரின் முனைகள் அவற்றில் ஆடாமல் உட்காரும் வரை அகலத்தைச் சரிசெய்யுங்கள். நடுவில் டிஷ்யூவை வட்டமாக வெட்டி வைத்தால், வழுக்கினாலும் கோடு விழாது. கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே, இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லையென்றால் பலம் காட்டாதீர்கள்: ஊசி முனையால் மரையில் ஒரே துளி ஆல்கஹால் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலுங்கள். வெட்டோ குழியோ இல்லாத வளையத்துக்கு, அதே அளவு வட்ட ரப்பரை அழுத்தித் திருப்பினால் போதும்.

ஒவ்வொரு பாகம் வெளியே வரும்போதும் போனில் ஒரு படம். கண்ணாடி எந்தப் பக்கம் முன்னால் பார்த்திருந்தது என்று அதன் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். அபர்ச்சர் இதழ்களைத் தொட வேண்டாம். ஃபோகஸ் செய்யும்போது லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் மரையைக் கழற்றவே வேண்டாம். அது எத்தனையோ மரைத் தொடக்கங்கள் கொண்டது, தவறான தொடக்கத்தில் மாட்டினால் இன்ஃபினிட்டி (வெகு தொலைவுக்கான ஃபோகஸ்) போய்விடும்.

துடைப்பது

முதலில் காற்றடித்துத் தூசைப் போக்குங்கள். தூசோடு தேய்த்தால் கோட்டிங்கில் (கண்ணாடி மேலுள்ள மெல்லிய பூச்சில்) கீறல் நிச்சயம். பெராக்சைடில் நனைத்த டிஷ்யூவைப் பூஞ்சையின் மேல் இரண்டு மூன்று நிமிடம் போர்த்தி வையுங்கள். ஒட்டுக் கண்ணாடியை எதிலும் ஊறப்போடக் கூடாது. பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, வட்டமாக, அழுத்தமே இல்லாமல் ஒரு துடைப்பு. அந்த டிஷ்யூவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள். கடைசியாக ஆல்கஹாலில் ஒரு முறை.

டார்ச் அடித்துப் பார்க்கும்போது இழை போயும் அதன் தடம் நிற்கலாம். பூஞ்சை சுரக்கும் அமிலம் கோட்டிங்கை அரித்த தடம் அது, தேய்த்தால் போகாது. வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்களில் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும், மற்றபடி அந்த லென்ஸில் தாராளமாகப் படம் எடுக்கலாம்.

மாட்டிய பிறகு

தொலைவில் இருக்கும் செல்போன் டவரை ஃபோகஸ் செய்து, இன்ஃபினிட்டி சரியா என்று பாருங்கள். பழைய லென்ஸை இன்றைய கேமராவில் மாட்ட அடாப்டர் வளையம் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கழற்றும் முன்பே அதே அடாப்டரில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் நல்லது. அடாப்டரின் உயரக் குறையை உங்கள் வேலையின் குறை என்று நினைத்துக் குழம்ப மாட்டீர்கள்.

சுத்தம் செய்த லென்ஸைப் பழைய தோல் உறைக்குள் திரும்பப் போடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சை வித்தும் அதில் இருக்கும். அரிசி டப்பா யோசனையும் வேண்டாம், மாவுத்தூசுதான் மிச்சம். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முள் 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றிவிடுங்கள்.