ஓடும்போது பெரிதாகும் டயர்: இடைவெளியைச் சரிபார்ப்பது எப்படி

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டி முடித்து, பைக்கை வேனில் ஏற்றும்போதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். பின்சக்கரத்தை ஒட்டியிருக்கும் ஹக்கர் மட்கார்டின் உட்புறம், சரியாக நடுவில், விரல் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. என்னுடையது 220 சிசி பைக். அதற்குரிய 130/70-17 டயரைக் கழற்றிவிட்டு, அதைவிட அகலமான 140/70-17 போட்டிருந்தேன். போட்ட அன்றே ஹக்கருக்கும் டயருக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி இருந்ததை அளந்து பார்த்துத் திருப்திப்பட்டிருந்தேன். நிற்கிற சக்கரத்தை அளந்ததுதான் என் தவறு.

டயர் சுற்றும்போது அதன் ரப்பர் வெளிப்பக்கமாக இழுபடுகிறது. 17 இன்ச் சக்கரத்தில் டயரோடு சேர்த்து ஆரம் சுமார் 31 செ.மீ. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் டயரின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு கிராம் ரப்பரும் கிட்டத்தட்ட 365 கிராம் எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். 60 கி.மீ. வேகத்தில் இது 90 கிராம்தான். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. 200 கி.மீ.யைத் தொடும் பெரிய பைக்குகளில் ஒரு கிராம் ஒரு கிலோவாகிவிடும்.

இந்த இழுவைக்கு எல்லா டயரும் ஒரே மாதிரி இணங்குவதில்லை. என் அம்மா தையல்காரர். ஜாக்கெட்டுக்குக் கிராஸ் கட் ஏன் என்று சிறுவயதில் கேட்டபோது, ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். நூல் போகும் திசையில் இழுத்தால் துணி அசையவில்லை. மூலைக்கு மூலை இழுத்தால் தாராளமாக நீண்டது, அகலம் குறுகியது. கிராஸ் பிளை டயருக்குள் இருக்கும் நூல் அடுக்குகளும் அப்படித்தான் குறுக்குமறுக்காகப் போகின்றன. வேகம் ஏறினால் நடுப்பகுதி மேலெழும்பி, டயர் கொஞ்சம் கூராகும். தரையில் படும் இடமும் ஒடுங்கும். ரேடியல் என்ற இன்னொரு வகை டயரில் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு பெல்ட் இறுக்கிப் பிடித்திருப்பதால் வளர்ச்சி மிகக் குறைவு.

உங்கள் டயர் எது என்பதைப் பக்கவாட்டிலேயே படிக்கலாம். அளவில் 17க்கு முன்னால் ஆங்கில ‘ஆர்’ எழுத்து இருந்தால் ரேடியல். வெறும் கோடு மட்டும் என்றால் கிராஸ் பிளை. கடைசியில் வரும் எழுத்து வேக வரம்பு: எல் என்றால் மணிக்கு 120 கி.மீ., எஸ் 180, எச் 210, வி 240. முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று உங்கள் விருப்பத்துக்குக் கலக்காதீர்கள். கம்பெனியே அப்படிக் கொடுத்திருந்தால் மட்டும் சரி.

இனி இடைவெளி. டயர் மாற்றியதும் ஹக்கர், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), செயின் மூன்றுக்கும் பக்கத்தில் அளந்து எழுதிவையுங்கள். செயினை இறுக்கினால் சக்கரம் பின்னால் நகரும், அதனால் செயின் சரிசெய்த பிறகுதான் அளக்க வேண்டும். அப்புறம் சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து, ஹக்கரின் உட்புறத்திலும் ஸ்விங் ஆர்மின் உள்விளிம்பிலும் மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். டயரிலோ பிரேக் டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக் கூடாது. டிராக்கில் முதல் சுற்றுகளை மெதுவாக ஓட்டி நின்று பாருங்கள். பிறகு வேகத்தைக் கூட்டி, மறுபடி நின்று பாருங்கள். எங்கே உரசியதோ அங்கே சுண்ணாம்பு அழிந்திருக்கும். ஹக்கர் ஆடுவதும் இதிலேயே தெரிந்துவிடும். என் விஷயத்தில் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும், பிடிமான போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது.

மெயின் ஸ்டாண்டு போட்டு, கியரில் முறுக்கி, டயர் பெருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். செயினில் விரல் போனால் திரும்பி வராது.

காற்று விஷயத்தை நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். தரையில் அமுங்கிய டயர், தரையை விட்டு விலகியதும் பழைய உருவத்துக்கு வர வேண்டும். காற்று குறைவாக இருந்து வேகம் மிக அதிகமாக இருந்தால், அது சரியாகத் திரும்புவதற்குள் அடுத்த அமுக்கம் வந்துவிடும். டயரின் பின்பக்கம் அலையலையாக மடிந்து அப்படியே நிற்கும். உள்ளே சூடு ஏறும், அடுக்குகள் பிரியும், டயர் வெடிக்கும். ஓட்டுபவருக்கு முன்கூட்டியே பெரிதாக எதுவும் தெரியாது. அதனால் காலையில், பைக் குளிர்ந்திருக்கும்போது, சொந்தக் காற்றழுத்தக் கேஜில் பாருங்கள். அளவு சீட்டுக்கு அடியிலோ செயின் கவரிலோ ஸ்டிக்கரில் இருக்கும். வண்டியை ஓட்டிவிட்டு வந்து, அளவு கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்காதீர்கள். சூட்டில் அது கூடத்தான் செய்யும்.

வால்வு மூடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகத்தில் வால்வின் உள்ளே இருக்கும் ஊசியும் வெளிப்பக்கம் இழுபடுகிறது, அது வால்வைத் திறக்கும் திசை. ரப்பர் வாஷர் வைத்த உலோக மூடி போட்டால் காற்று அங்கேயே தடுக்கப்படும்.

140 டயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். பழையபடி 130/70 போட்டு, போல்ட்டை முடுக்கி, மறுபடி சுண்ணாம்பு பூசி ஓட்டினேன். மாலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, பூசிய விரல் ரேகைகூட அப்படியே இருந்தது.